ஒற்றை ஆளாய்ச் சாய்த்த அண்டா

பிரியமானவர்களே, நான் எஸ்தர். கடலூரில் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறேன். ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல வந்தவளுக்குச் சந்தோஷம்தான் இருக்க வேண்டும். எனக்கு வெட்கமும் சேர்ந்தே வருகிறது.

போன ஜூன் மாதம் என்னோடு இருந்த உதவியாளர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. அரிசி களைவது, காய் நறுக்குவது, முட்டை உரிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் நானே. இடுப்பு விட்டுப்போனது. அடுப்படியிலேயே நின்று அழுதிருக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், "பெலன் வேணும்னு ஜெபிச்சுக்குங்க" என்று உங்களிடம் கேட்டேன். நீங்களும் ஜெபித்தீர்கள்.

எங்கள் சத்துணவு மையத்தின் அமைப்பாளர் கலைவாணி மேடம் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். "ஒத்த ஆளா முடியுதா எஸ்தர்? நான் வேணா கூட நிக்கட்டுமா?" என்று எத்தனையோ முறை கேட்டார். "வேணாம் மேடம், கர்த்தர் பாத்துக்குவாரு" என்றே சொல்லிவிட்டேன். அதை விசுவாசம் என்று நினைத்தேன். இல்லை, அது வீம்பு. மனுஷரிடம் கேட்டால் என் கௌரவம் குறைந்துவிடும் என்ற எண்ணம்.

ஜூலையில் ஒரு நாள் சாதம் வடிக்க அண்டாவைச் சாய்த்தேன். கரித்துணி நழுவியது. கொதிக்கும் கஞ்சி என் பக்கமே திரும்பியது. "இயேசப்பா!" என்று கத்தினேன். அதே மூச்சில், "மேடம், ஓடியாங்க!" என்றும் கத்தினேன். முதன்முறையாக அன்றுதான் அவரை உதவிக்குக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்து வெறுங்கையால் அண்டாவின் விளிம்பைப் பிடித்து நிமிர்த்தினார். எனக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. அவர் உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்து சிதம்பரத்துக்குப் போனேன். கட்டுப்போட்ட கையைப் பார்த்து அழுதேன். அவர் திட்டவில்லை. "உங்க சாமியக் கூப்புட்ட, சரி. என்னைய ஒரு மாசம் முன்னாடியே கூப்புட்டிருக்கக் கூடாதா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்ட பெலனை ஆண்டவர் தினமும் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார். நான்தான் வேண்டாம் என்றிருக்கிறேன்.

மறுநாளே சத்துணவு அலுவலகத்துக்குப் போய், "என்னால முடியல சார், ஆள் குடுங்க" என்று வாய்விட்டுக் கேட்டேன். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அக்காவை அனுப்பினார்கள். இப்போது இரண்டு பேராக வடிக்கிறோம். தேவனுக்கே ஸ்தோத்திரம்.

நீங்களும் பாரத்தை அவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்கிறார். முழங்காலிலிருந்து எழுந்ததும் பக்கத்தில் நிற்பவரிடமும் சொல்லுங்கள். மேடத்துக்காகவும் ஜெபியுங்கள். விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. வலிக்கிறதா என்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்கிறார். நான் நம்புவதில்லை. பஸ் நிறுத்தம் வரை அவர் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன்.