வேலிக்கு வெளியே ஆறு கோப்பை

ஹிராபாய் பாட்கருக்கு ஐம்பத்து மூன்று வயது. கணவன் இல்லை, பிள்ளை இல்லை, பேசுவதற்கு ஆள் இல்லை. முதல் இரண்டும் கடவுள் செய்தது. மூன்றாவது ஊர் செய்தது.

கொங்கண் கரையில் இருக்கிற கேள்வாடியில் ஊர்க்கூட்டம் ஒன்று சொல்லிவிட்டால் அலைகூட எதிர்த்துப் பேசாது. கொழுந்தன் வளைத்துப்போட்ட அவளுடைய தென்னந்தோப்பை அவனுக்கே விட்டுவிடச் சொன்னார்கள். ஹிராபாய் கோர்ட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலமே தீர்ப்பு: அவளோடு ஒருவரும் பேசக் கூடாது, அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. குடித்தால் குடித்தவரும் விலக்கு. இந்த நான்கு வருடத்தில் அந்தத் தீர்ப்பை மதிக்காமல் அவளிடம் பேசியவை கோழிகள் மட்டுமே. ஊர் முகப்பில் 'தகராறு இல்லாத கிராமம்' என்று அரசாங்கப் பலகை வேறு. பொய்யில்லை. தகராறு பண்ணுவதற்கும் வாய் திறக்க வேண்டுமே!

நாக்பூரிலிருந்து கிளம்பி, கரைக்கு வந்தபின் கடலோரமாகவே தனியாக மோட்டார் சைக்கிளில் வந்த ஊர்விக்கு ஹிராபாய் வீட்டு வாசலில்தான் கிளச் வயர் அறுந்தது.

"மாவ்ஷி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

சித்தி என்று தன்னைத்தான் கூப்பிடுகிறாளா? ஹிராபாய் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு வெல்லக்கட்டியும் சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்தாள். பெண் மடமடவென்று குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டாள். ஹிராபாய்க்குக் கண் கலங்கியது. "அடுப்புப் புகை" என்றாள். அடுப்பு அப்போது பற்றவைக்கவே இல்லை.

"தனியாவா சுத்துறே? வீட்டுல திட்டலயா?"

"திட்டுனாங்க. சிக்னல் இல்லன்னு ஃபோனை வெச்சிட்டேன்."

"கெட்டிக்காரிதான். ராத்திரி இங்கயே படுத்துக்கோ."

பொழுது சாய்வதற்குள் வேலிக்கு வெளியே ஆறு பேர் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவள் ஊர்த்தலைவர் மனைவி நந்தா. ஒரு காலத்தில் ஹிராபாயும் அவளும் சந்தையில் ஒரே சாக்கை விரித்து மீன் விற்றவர்கள்.

"இங்க என்ன பண்றே பொண்ணே? எங்க வீட்டுக்கு வா. ஃபேன் இருக்கு, வஞ்சிரக் குழம்பு கொதிக்குது" என்றாள் நந்தா.

"கிளச் வயர்தானே? காலையில நான் மாட்டிக் குடுக்கறேன். காசுன்னு பேசினே, கோவம் வந்துரும்" என்றார் தத்தாராம். ஊர்க்கூட்டத்தில் சட்டம் பேசுகிறவர் அவர்தான்.

"எனக்கு இங்கயே வசதியா இருக்குங்க. நீங்க உள்ள வாங்களேன், எதுக்கு வெளிய நிக்கறீங்க?"

ஒரு கால்கூட அசையவில்லை. ஹிராபாய் உள்ளே ஓடி டீ போட்டாள். உள்ளூர்க் கடையில் அவளுக்கு எதுவும் தர மாட்டார்கள்; பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கிவந்த சர்க்கரையைக் கணக்கு பார்க்காமல் கொட்டினாள். நந்தா ஒரே ஒரு வாய் குடித்தால் போதும். தலைவர் தன் பெண்டாட்டியை விலக்க வேண்டும், இல்லை என்றால் எல்லாருக்குமாகத் தடையை எடுக்க வேண்டும். அவர் எதைச் செய்வார் என்பது ஊருக்கே தெரியும்.

"குடுங்க மாவ்ஷி, நான் கொண்டு போறேன்." வேண்டாம் என்பதற்குள் ஊர்வி கோப்பைத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வேலியோரம் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தத்தாராம் தொண்டையைச் செருமினார்.

"விருந்தாளின்னா ஊருக்கே விருந்தாளி. இந்தப் பொண்ணு கையால குடுத்தா அது இந்தப் பொண்ணு டீ."

"அதானே!"

ஆறு தொண்டைகளில் டீ இறங்கியது. ஹிராபாய் வாசற்படிக்கு வந்தாள்.

"நந்தா, இஞ்சி தூக்கலா இருக்கா?"

நந்தா ஊர்வியைப் பார்த்துச் சிரித்தாள். "இஞ்சி அளவாத்தான் இருக்கு கண்ணு. நல்லா போடுறே."

"ஐயோ, நான் போடல, மாவ்ஷி போட்டது."

"எங்க கடலைப் பாத்தியா நீ?" என்று நந்தா பேச்சை மாற்றினாள்.

சாப்பிடும்போது அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வாய்க்கு வாய் 'மாவ்ஷி' போட்டுக் கருவாட்டுக் குழம்பை விரலோடு நக்கிக்கொண்டிருந்தாள். சொன்னால் அந்த முகம் பாவம் என்று பார்க்கும். ஹிராபாய் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

காலையில் புது வயர் வந்தது. கோகம் பழச்சாறு ஒரு பாட்டில், காய்ந்த இறால் ஒரு பொட்டலம். எல்லாம் வேலிக்கு மேலே கை நீட்டித்தான். ஊர்வி ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள்.

"இவ்வளவு பாசமான ஊரை நான் பாத்ததே இல்ல! மாவ்ஷி, உங்க ஊரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

வேலிக்கு வெளியே சத்தம் நின்றுபோனது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக நந்தா அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை, கெஞ்சல் இருந்தது. அதுதான் ஹிராபாயின் நாக்கைக் கட்டியது.

"நல்ல ஊரும்மா. வெளியூர்லேர்ந்து வந்தா."

தப்பித்தோம் என்கிற வேகத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அர்த்தம் புரியாமல் ஊர்வியும் சிரித்தாள், ஹிராபாயைக் கட்டிக்கொண்டாள், போய்விட்டாள்.

கூட்டம் கலைந்தது. நந்தா மட்டும் ஒரு நொடி நின்றாள்.

"வெயில் ஏறுது" என்றாள், யாரையும் பார்க்காமல். நடந்துவிட்டாள்.

அது தன்னிடம் சொன்னதா, சும்மா சொன்னதா? யோசித்து முடிப்பதற்குள் நந்தா தெருமுனைக்குப் போய்விட்டாள்.

"ஆமா நந்தா, ஏறுது!" என்று ஹிராபாய் கத்தினாள்.

நந்தா திரும்பவில்லை. எதிர் வீட்டு ஜன்னல்தான் படாரென்று சாத்திக்கொண்டது.