இருட்டறைக்கு வந்த வெள்ளி

வானத்தைப் பார்க்கிற பைத்தியம் எனக்குக் கல்லூரி நாளிலேயே பிடித்துவிட்டது. கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்தபோது சீர் சாமான்களோடு என் தொலைநோக்கியும் லாரியிலிருந்து இறங்கியது. “இது என்னம்மா, மோட்டாருக்கு மாட்டுற பைப்பா?” என்று என் மாமியார் கேட்டார். அந்த வளர்பிறையிலேயே அதன் வழியாக நிலவைக் காட்டினேன். “அம்மை போட்ட மூஞ்சியாட்டம் இருக்குது” என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

2004 ஜூனில் வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போகப் போகிறது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நூறு வருடங்களுக்கு மேலாக நடக்காத ஒன்று அது; வந்தால் எட்டு வருட இடைவெளியில் ஜோடியாக வரும். பகலில், நம் ஊர் வானத்திலேயே நடக்கப் போகிறது. எனக்கு அப்போது ஏழாம் மாதம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் உப்பளத்துக்குப் போய், உப்பு வாருகிற பெண்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன். “சுக்கிர திசை எங்களுக்கும் அடிக்குமாக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். “அடிச்சா மொதல்ல எனக்குத்தான், மிச்சம் இருந்தா உனக்கு” என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அப்படி என்னதான் நடக்கப் போகிறது என்று மாமியார் கேட்டபோது, “சின்ன கிரகணம் மாதிரின்னு வச்சிக்குங்க அத்தை” என்று சொல்லித் தொலைத்தேன். கிளறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். “அப்போ நீ வெளிய வரக்கூடாது.”

அவர் பயத்துக்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே நடமாடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மேலுதடு பிளந்து பிறந்தவர். சின்ன வயதிலேயே தைத்துவிட்டார்கள், தழும்பை மீசை மூடியிருக்கும். அவர் வயிற்றில் இருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்திருக்கிறது. அன்றைக்குப் பார்த்து மழை மேகம். வாராமல் விட்டால் பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோகும். மாமியாரும் இறங்கி வாரினார், நடுவில் கஞ்சிக்கு வெங்காயம் நறுக்கினார். கிரகணத்தில் கர்ப்பிணி வெளியே வரக்கூடாது, கத்தி தொடக்கூடாது என்பது ஊர்ச் சட்டம். வெங்காயத்தோடு பிள்ளை உதட்டையும் நறுக்கிவிட்டாள் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. அவருடைய மாமியார் சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக்காட்டினாராம். அதெல்லாம் காரணமே இல்லை என்று நானும் புத்தகத்தை விரித்துவைத்து எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். என் மாமியார் எல்.ஐ.சி. ஏஜெண்ட் பேச்சைக் கேட்பதுபோலத் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

வெள்ளி குறுக்கே போகிற நாள் காலையில் மாமியார் என்னைப் பின்னறைக்குள் விட்டு ஜன்னலில் கோணிச் சாக்குகளைக் கட்டினார். வெளிச்சம் கசிந்த இடங்களிலெல்லாம் பழந்துணியைத் திணித்தார். கதவுக்கு வெளியே தாழ் போட்டார். நான் கெஞ்சினேன், கத்தினேன், கடைசியில் அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

“இத விட்டா இன்னும் எட்டு வருஷம் காத்துக் கெடக்கணும் அத்தை.”

“எட்டு வருஷம் கண்ண மூடித் தொறந்தா ஓடிரும். எம்புள்ளைக்கு ஆனது உம்புள்ளைக்கு வேணாம்.”

வீட்டுக்காரர் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். குழலைச் சூரியன் பக்கம் திருப்பி, பின்பக்கம் வருகிற வெளிச்சத்தை ஒரு வெள்ளைத் திரையில் விழ வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். திரைக்கு ஒரு வேட்டி எடுத்துப் போகச் சொன்னால், “உப்பக் குமிச்சி வச்சிருக்கோம், அதவிட வெள்ளையா வேட்டி எதுக்கு?” என்றார். உப்பளத்துக்காரருக்குத்தான் அப்படித் தோன்றும். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே அவர் குரல் கேட்டது.

“ஒண்ணும் தெரியல. உப்பு அடிக்கிற வெளிச்சத்துல கண்ணே தொறக்க முடியல. சனமெல்லாம் சிரிக்குது.”

திரும்பி அறையைப் பார்த்தேன். என் கையே எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் சிரிப்பு வந்தது. அவர்கள் எல்லோரும் வெளிச்சத்தில் நின்று இருட்டைத் தேடுகிறார்கள், ஊரிலேயே நல்ல இருட்டு என்னிடம் இருக்கிறது.

“ஏங்க, அந்தக் கொழாய ஜன்னல் வழியா உள்ள குடுங்க. அலமாரிக் கண்ணாடியக் கழட்டி வெளிய தொட்டி மேல வைங்க. வெயில ஜன்னலுக்குத் திருப்பி விடுங்க.”

காதில் விழுந்ததும் மாமியார் தாழை நீக்கி உள்ளே வந்தார். “கிரகணத்த வூட்டுக்குள்ளயே கொண்டாரப் போறியா?”

“நான் வெளிய வரல. கத்தியத் தொடல. சூரியனப் பாக்கப் போறதும் இல்ல. சுவத்தப் பாக்குறதுக்கும் சாஸ்திரம் இருக்குதா அத்தை?”

அவர் வெளியே போக மனமில்லாமல் என் கட்டிலருகே காவல் நின்றார்.

குழலைச் சாக்கு இடுக்கில் செருகி, பலகை மேல் படுக்க வைத்தேன். வெளியே வீட்டுக்காரர் கண்ணாடியைத் திருப்பினார். வெளிச்சம் முதலில் கூரைக்குப் போனது, பிறகு பக்கத்து வீட்டு மாட்டின் மேல் அடித்து அது கத்தியது. நான் உள்ளிருந்து அதட்டிக்கொண்டே இருந்தேன். திடீரென்று எதிர்ச் சுவரில் சோற்றுத் தட்டு அகலத்துக்குச் சூரியன் வந்து நின்றது. அதன் ஓரத்திலிருந்து சற்று உள்ளே, மிளகு போல ஒரு கருப்புப் பொட்டு.

படத்தில் மட்டுமே பார்த்த ஒன்று என் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் இருந்தது. மாலை வரைக்கும் உப்பளத்துப் பெண்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் பிற்பாடு நடந்த கதை.

முதலில் நடந்தது இதுதான். சுவரில் பொட்டைப் பார்த்ததும் மாமியார் பதறிக்கொண்டு என் வயிற்றுக்கு முன்னால் முந்தானையை விரித்தார். அந்த வேகத்தில் அவருடைய வலது கை வெளிச்சத்துக்குள் போனது. சூரியனில் பாதி அவர் உள்ளங்கையில் விழுந்தது. அந்தப் பாதியில்தான் வெள்ளி இருந்தது.

கையை இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. குனிந்து பார்த்தார். விரல்களை மடக்கினார், விரித்தார். பொட்டு அங்கேயே இருந்தது.

“இதுவா?”

“இதான் அத்தை.”

“அன்னைக்கு வந்ததும் இப்படித்தான் இருந்துச்சா?”

“அன்னைக்கு வந்தது நெலா. இதவிடப் பெருசா தெரியும். அதுவும் இப்படித்தான், குறுக்க வந்துச்சு, போயிடுச்சு.”

கையை நீட்டியபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“அப்போ அவன் ஒதட்ட நான் அறுக்கலயா?”

எதற்கும் அரைமணி நேரம் விளக்கம் சொல்கிறவள் நான். “இல்லீங்க அத்தை. நீங்க அறுக்கல” என்று மட்டும் சொன்னேன்.

“தெரியுதா? இன்னும் நகத்தணுமா?” என்று வெளியிலிருந்து வீட்டுக்காரர் கத்தினார். மாமியார் கதவைத் திறந்து மகனைக் கூப்பிட்டார். கண்ணாடியை விட்டுவிட்டு ஓடிவந்தவரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரலால் மீசையை ஒதுக்கித் தழும்பைத் தடவினார். மாமியார் அதைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

“என்னம்மா, மூஞ்சில ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்குதா?” என்றார் ஒன்றும் புரியாதவர்.

“ஒண்ணும் இல்லடா. ஒண்ணுமே இல்ல.”

கண்ணாடியைத் திருப்ப ஆளில்லாமல் சூரியன் சுவரிலிருந்து மெல்ல நழுவியது. வெள்ளியும் அதோடு போய், அறை பழையபடி இருட்டானது. அத்தனை ஆசையோடு காத்திருந்த எனக்கு, போய்த் திருப்பி வையுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.