சர்வரக்கா

சரக்கு அனுப்பும் அந்த அலுவலகத்தில் அவளுக்கு விழுந்த பெயர் சர்வரக்கா. முதல்முறை அதைக் கேட்டபோது டிரைவராக இருந்த அவள் கணவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"ஏம்மா, ஓட்டல்ல பரிமாறுற வேலைக்கா போற?"

"அந்த சர்வர் இல்லீங்க. ஆபீஸ் ஃபைல் எல்லாம் என் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அதுக்குப் பேரு சர்வராம்."

"எதுவா இருந்தா என்ன? கேட்டவனுக்கெல்லாம் ஓடி ஓடிக் கொடுக்கணும். ரெண்டும் ஒண்ணுதான்."

விளையாட்டாகத்தான் சொன்னான். பிறகு அதைச் சொல்லும்போது அவன் சிரிப்பதில்லை.

அவள் சேர்ந்தது டைப்பிஸ்டாக. அலுவலகத்துக்கு நெட்வொர்க் போட்ட சமயத்தில், இருப்பதிலேயே புது கம்ப்யூட்டர் அவள் மேசையில் இருந்தது. தனியாக ஒரு சர்வர் வேண்டும் என்று யாரோ சொல்ல, மேனேஜர், "இப்போதைக்கு இதுல போடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். பில், விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் அவள் கம்ப்யூட்டரில் குடியேறின. மற்றவர்கள் தங்கள் மேசையிலிருந்தே அவற்றைத் திறந்துகொண்டார்கள். அந்த 'அப்புறம்' மட்டும் வந்தபாடில்லை.

ஃபைல் திறக்கவில்லை என்றால் எல்லாரும் அவளிடம்தான் வந்து நின்றார்கள். "அக்கா, அனுமதி இல்லைங்குது." "அக்கா, காலையில திறந்துச்சு, இப்ப பாதையே இல்லைங்குது." "வேற யாரோ திறந்து வச்சிருக்காங்களாம். யாருன்னு பாருங்களேன்." அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திட்டு வாங்கி வாங்கியே கற்றுக்கொண்டாள். புதிதாகச் சேர்ந்தவருக்கு எந்த ஃபோல்டரில் அனுமதி விட்டுப்போயிருக்கிறது, எவர் ஃபைலைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார், ஒரே நேரத்தில் நிறையப் பேர் உள்ளே வந்தால் கடைசியில் வருபவருக்கு ஏன் கதவு அடைபடுகிறது, எல்லாம் அத்துபடியானது. இவ்வளவுக்கும் நடுவில் தன் டைப்பிங்கை முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் அதற்கும் திட்டு.

லீவு என்பது மறந்துபோனது. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அவள் மகள் தானேதான் வளர்ந்தாள். பள்ளி விழா ஒன்றுக்கும் அம்மா வந்ததில்லை.

கணக்குப் பிரிவில் மேற்பார்வையாளர் இடம் காலியானபோது துணிந்து கேட்டாள்.

"நீங்க அந்த சீட்டை விட்டு எழுந்தா ஆபீஸே நின்னுடும்மா," என்றார் மேனேஜர்.

பாராட்டு என்று நினைத்து முகம் மலர வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது. அந்த இடம் அதே பிரிவில் இருந்த கணக்கருக்குப் போனது. அவருக்கு ஃபைலைத் தேடவே அவள்தான் கற்றுக்கொடுத்திருந்தாள்.

வருடங்கள் ஓடி, கல்யாணமான மகளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கம்ப்யூட்டரை அணைக்காமல்தான் விட்டு வந்திருந்தாள். அது தானாகவே அப்டேட் போட்டுக்கொண்டு, அணைந்து எழுந்து, பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றது. கணக்கர் கூப்பிட்டார்.

"அக்கா, ஒருத்தருக்கும் ஃபைல் வரல. லாரி வாசல்ல நிக்குது. பில் போடணும்."

வார்டில் போன் பேசக் கூடாது என்று நர்ஸ் அதட்ட, படிக்கட்டுக்குப் போனாள். பாஸ்வேர்டைச் சொன்னாள். உள்ளே போய்விட்டார்; ஃபைல்கள் மற்றவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. "இப்ப எங்க அமுக்கணும்? அது இங்க இல்லையேக்கா." ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. "ஆ, வந்துடுச்சு" என்றதும் போன் துண்டிக்கப்பட்டது. எதற்கு லீவு என்று அவர் கேட்கவே இல்லை.

அவள் ஓடி வந்தபோது பேத்தி பிறந்து, துடைத்து, துணியில் சுற்றி, சம்பந்தியம்மாள் கையில் இருந்தாள். கட்டிலில் கிடந்த மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"உள்ள போறப்ப உன்னைத்தாம்மா தேடினேன்."

"ஆபீஸ்ல இருந்து போன், கண்ணு..."

"தெரியும். வேற யாரு கூப்பிடப்போறாங்க?"

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் ஒருவழியாக சர்வர் வாங்கினார்கள். வெளியிலிருந்து வந்த நெட்வொர்க்காரர் ஒரே மதியத்தில் எல்லா ஃபைலையும் அதற்கு மாற்றினார். "இந்த மிஷினை வச்சு இத்தனை நாள் ஓட்டினீங்களே, அதுவே பெரிசு" என்று அவளிடம் சொன்னார். மேனேஜர் கூட்டத்தில் சொன்னது வேறு.

"இவ்வளவு காலமா வந்த எரருக்கெல்லாம் காரணம் அந்த ஒரு கம்ப்யூட்டர்தானாம். விட்டது தொல்லை!"

எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே எதற்குத் தட்டுகிறோம் என்று புரிந்து, கைகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

ஏறிய பின் ஏணி எதற்கு? டைப்பிங்குக்கென்று தனி ஆள் தேவையில்லை என்று அவளைக் கிடங்கு வாசலில் வரும் சரக்கை எண்ணிப் பதியும் மேசைக்கு மாற்றினார்கள். தூசிக்குத் தும்மல் வந்தது. "நானே கேட்டு வாங்கினேன்" என்று வீட்டில் சொல்லி வைத்தாள்.

ஒருநாள் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணக்கர் மூச்சிரைக்க வந்தார்.

"அக்கா, விலைப்பட்டியல்ல திருத்தம் போட முடியல. படிக்க மட்டும்தான் முடியுமாம். நெட்வொர்க்காரர் போனையே எடுக்க மாட்டேங்கறார். நீங்க கொஞ்சம் வாங்களேன்."

என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. மீட்டிங் அறைக் கம்ப்யூட்டரில் இவரே அதைத் திறந்து போட்டுவிட்டு வந்திருப்பார். வாரத்தில் பாதி நாள் செய்வதுதான். போய் மூடினால் தீர்ந்தது.

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார்," என்றாள்.

"என்னக்கா, உங்களுக்குத் தெரியாததா?"

"அப்ப வந்த எரருக்கெல்லாம் என் மிஷின்தானே சார் காரணம்? இப்பதான் அது இல்லையே."

அவர் முகம் சிறுத்துப்போய் நின்றார். கெஞ்சுவதா கோபப்படுவதா என்று தெரியாமல், கடைசியில் இரண்டும் செய்யாமல் போனார். மனசு குளிரும் என்றுதான் நினைத்திருந்தாள். குளிரவில்லை. வாயில் இருந்த சோறு மண்ணாக இருந்தது. டப்பாவை மூடினாள். வெளியே லாரி ஹாரன் அடித்தது. எழுந்து மூட்டைகளை எண்ணப் போனாள்.