கடைசியில் இருந்த ஒன்று

கரியால் எழுதிய எண் அது. 1234567891. கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு லொட்ஜ். சண்டைக் காலம். நான் அங்கே சமையல். குசினிக்குள் பின்சுவரில் அதை எழுதியவர் மேல் அறையில் இருந்த கணக்கு மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ரியூசன் கொடுத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருந்தார். குண்டு வெடித்த நாட்களில் நாங்கள் ரேடியோவைச் சுற்றி நிற்போம். அவர் சுவரடியில் நின்று வகுத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னவென்று கேட்டேன்.

"கடைசி ஒண்டை மறைச்சுப் பார். இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தைஞ்சு. மூண்டாலயும் பிரியும், ஒன்பதாலயும் பிரியும். அந்த ஒண்டைச் சேர்த்தால், ஒண்டையும் தன்னையும் விட்டு வேற எதாலயும் பிரியாது போல கிடக்கு. முப்பத்தையாயிரத்துச் சொச்சம் வரைக்கும் ஒவ்வொண்டா வகுத்துப் பார்த்தால்தான் தெரியும்," என்றார். "பயத்துக்கு இது நல்லம், தம்பி. வகுக்கேக்க வேற ஒண்டும் காதில விழாது."

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தைந்து சரி.

ஒரு விடியற்காலை ஆமியும் பொலிசும் லொட்ஜைச் சுற்றிவளைத்தார்கள். ஒழுங்கையில் லொறி நின்றது. மாஸ்டரின் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் சரி. பிறகுதான் அதிகாரி குசினிக்குள் போனார். சுவரிலிருந்த எண்ணைக் காட்டி, யார் எழுதியது என்று கேட்டார். மாஸ்டர் கை தூக்கினார். அவருக்குச் சிங்களம் வராது. நான் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்தவன்; சிங்களம் வரும். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஒன்பது வரைக்கும் என் மகனும் எழுதுவான்," என்றார் அதிகாரி சிங்களத்தில். "பிறகு எதுக்கு இன்னொரு ஒன்று? அந்த ஒன்று யார்?"

"கணக்கு, மாத்தயா. எதாலும் பிரிக்க முடியாத எண்."

"நிச்சயமா என்று அவனைக் கேள்."

கேட்டேன். மாஸ்டர் சுவரைப் பார்த்தார். "இன்னும் முடியேல்லை. பாதிகூடப் பார்க்கேல்லை. நிச்சயம் எண்டு சொல்ல ஏலாது."

"ஐயோ மாஸ்டர், ஓம் எண்டு சொல்லுங்க!"

"பார்க்காததை எப்பிடிச் சொல்லுறது?" இல்லை என்று தலையை ஆட்டினார்.

நிச்சயம் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி என் வாயைப் பார்க்கவில்லை. அந்தத் தலையைத்தான் பார்த்திருந்தார். எனக்குக் கன்னத்தில் ஓர் அடி. மாஸ்டரை லொறியில் ஏற்றினார்கள். அன்றைக்கே முதலாளி சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு மாஸ்டர் வந்தார். பெட்டி எடுக்கத்தான். தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். மிச்சத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"வகுக்கத் தொடங்கினால் அந்த அதிகாரியின்ர குரல்தான் கேக்குது, தம்பி."

போனார். எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரியாது.

இத்தனை வருசத்துக்குப் பிறகு, போன கிழமை தங்கையின் மகளிடம் அந்த எண்ணைச் சொன்னேன். அவள் போனில் போட்டாள். ஒரு நொடிதான்.

"முதன்மை எண்ணாம், மாமா. வேற எதாலயும் பிரியாதாம்." பிறகு சிரித்தாள். "அதை ஏன் காதுக்குள்ள சொல்றீங்க?"

அப்போதுதான் பார்த்தேன். கதவையும் சாத்தியிருந்தேன்.