தெத்துப்பல் கட்டிக்கொண்ட கதை

ஐம்பத்தேழு வயதில் நான் ஒரு பல் டாக்டரிடம் போய், எனக்குப் பல்லைக் கோணலாகக் கட்டித் தாருங்கள் என்று கேட்டேன். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். என் வாய், என் பல்.

மேல்வரிசையில் என் இடது முன்பல், பக்கத்துப் பல்லின் மேல் கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஏழு வயதில் முளைத்தபோதே அந்தத் திமிரோடுதான் முளைத்தது. அதற்காக எனக்குக் கிடைத்த இலவச யோசனைகளுக்குக் கணக்கே இல்லை. லேக் கார்டன்ஸில் நாங்கள் காக்கிமா என்று கூப்பிடுகிற மாடிவீட்டுப் பெங்காலிச் சித்தி, பேங்கில் என் முதல் மேனேஜர், சென்னை மெயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாள் என்று ஆளாளுக்கு ஒரு டாக்டரைச் சிபாரிசு செய்தார்கள். நான் அவர்கள் எல்லாருக்கும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். இன்னும் கொஞ்சம் அகலமாகவே சிரித்தேன்.

இருபத்து நாலு வயதில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஜாம்ஷெட்பூரில் இன்ஜினீயர். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், எல்லாம் பிடித்திருக்கிறது, அந்தப் பல்லை மட்டும் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் சரிபண்ணிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வாங்கப்போகிற புடவைக்கு ஃபால்ஸ் தைத்து வைக்கச் சொல்கிற மாதிரி. அப்பா ராஷ்பிஹாரியில் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கினார். பல்லைப் பிடுங்கிவிட்டு வேறு கட்டுவதாக ஏற்பாடு. நான் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். வாயை இறுக மூடிக்கொண்டேன். அரைமணி நேரம் திறக்கவில்லை. டாக்டர் அலுத்துப்போய் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வரன் போயிற்று. அப்புறம் நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதற்குப் பல்லைக் குற்றம் சொல்ல வேண்டாம். எனக்கு யாரையும் அவ்வளவு தூரம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் வாழ்க்கையில் முதன்முதலாக நான் மாட்டேன் என்று சொன்னது அந்த நாற்காலியில்தான், அதுவும் வாயைத் திறக்காமலே. அதற்குப் பிறகு மாட்டேன் என்று சொல்வது எனக்குப் பழகிவிட்டது.

போன மழைக்காலத்தில் டாக்குரியா ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன். கைப்பையைக் காப்பாற்றினேன், வாயைக் காப்பாற்றவில்லை. தெத்துப்பல் முக்கால்வாசி உடைந்து கையோடு வந்துவிட்டது. அந்த ஒரு பல்தான். பக்கத்துப் பல்லில் ஒரு கீறல்கூட இல்லை.

இருபது வருஷமாக நான் போகிற டாக்டர் டாக்குரியாவிலேயே இருக்கிறார். எழுபதை நெருங்கும் பெங்காலி. மருந்துக்கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. நல்ல கை. மூன்று தடவை வரச்சொல்லி ரூட் கேனல் செய்து, ஈறுக்குள் மிச்சமிருந்த வேரைக் காப்பாற்றினார். கடிக்க முடிகிறதா, சூடு பட்டால் கூசுகிறதா, கீழ்ப்பல் எங்காவது இடிக்கிறதா என்பதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கமாட்டார். என் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்திருக்கிறாரா என்பதே எனக்குச் சந்தேகம். வேர் ஆறும்வரைக்கும் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் கேப்பை மாட்டிக் கண்ணாடியைக் கொடுத்தார். பல் குச்சி மாதிரி நேராக நின்றது.

"விழுந்ததும் ஒரு விதத்துல நல்லதுதான். நிரந்தரமானதையும் இப்படியே போட்டுடலாம்" என்றார்.

பழையபடி வேண்டும் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேணும்னே கோணலாவா? ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நின்னா பிரஷ் உள்ள போகாது, ஈறு கெடும். உங்களுக்கு அதைச் செஞ்சு தர எனக்கு மனசு வராது."

அவர் சொன்னதில் தப்பில்லை. பல் என்பது அவருக்கு மெல்லுகிற சாமான். அது ஆரோக்கியமாக இருக்க வேண்டும், அதோடு முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். அவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இப்பத்தான் நன்னா லட்சணமா இருக்கே" என்றார். மனசாரச் சொன்னார். ஜாம்ஷெட்பூர்க்காரர்கள் கேட்டதை முப்பத்து மூன்று வருஷம் கழித்து ஓர் ஈரப்படிக்கட்டு செய்து கொடுத்துவிட்டதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் அன்றைக்கு ஜெயித்தது இல்லை என்று ஆகிவிடும். விடமாட்டேன் என்று தீர்மானித்தேன்.

எங்கள் தெருமுனையில் காஸ்மெடிக் பல் மருத்துவமனை என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டும்போதெல்லாம், பியூட்டி பார்லருக்கு டாக்டர் பட்டமா என்று கேலி பேசியிருக்கிறேன். வாசல் கண்ணாடியில் சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று ஜோடி ஜோடியாகப் படங்கள். முன்னால் விதவிதமாக இருந்தவர்கள் எல்லாரும் பின்னால் ஒரே தட்டில் வார்த்த இட்லி மாதிரி சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் அந்தப் படியையும் ஏறினேன்.

டாக்டர் முப்பது வயதுப் பெண். கோயம்புத்தூர்க்காரி, கணவருக்கு இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என் பெயரைப் பார்த்துவிட்டு, "தமிழுங்களா? வாங்க மேடம், உக்காருங்க" என்றாள். உட்கார்ந்த கையோடு படம் பிடித்து, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். அதில் நான் டூத்பேஸ்ட் விளம்பரம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

"பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்குது பாருங்க."

"அந்தப் பத்து வயசையும் நான்தான் வாழ்ந்தேன். குறைக்காதே" என்றேன்.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். வரன், நாற்காலி, படிக்கட்டு எல்லாவற்றையும். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. திரையை அணைத்துவிட்டு, "பல்லு தெரியற மாதிரி பழைய போட்டோ இருக்குங்களா?" என்று கேட்டாள். பல் தெரியாத போட்டோ என்னிடம் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் நடந்ததை நான் எந்தப் பல் டாக்டரிடமும் கண்டதில்லை. உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொன்னாள். ஜன்னலோரம் கூட்டிப்போய், பகல் வெளிச்சத்தில் கலர் பட்டியைப் பல்லோரம் வைத்து வைத்துப் பார்த்தாள். தமிழில் இருபது வரைக்கும் எண்ணச் சொன்னாள், பெங்காலியில் எண்ணச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள், கோபமாகப் பேசச் சொன்னாள். கடைசியாகச் சொன்னது எனக்குச் சுலபமாக வந்தது. நாற்பது நிமிஷம் கழித்துத்தான் வாய்க்குள் கையை வைத்தாள்.

"டாக்குரியா டாக்டருக்கும் உனக்கும் என்னம்மா வித்தியாசம்? தனியா ஏதாவது படிச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"படிப்பு ஒண்ணுதானுங்க மேடம். வாசல்ல காஸ்மெடிக்னு மாட்டியிருக்கற போர்டுக்குன்னு தனிப் பட்டம் எல்லாம் கிடையாது. ஒண்ணு ரெண்டு பயிற்சிக்குப் போயிருக்கேன், அவ்வளவுதானுங்க. அவரு பல்லு வேலை செய்யுதான்னு பாப்பாரு. கண்ணாடில பாக்கறப்ப அது உங்க பல்லாத் தெரியுதான்னும் நான் பாக்கோணும்." கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "ஆனா அவரு அந்த வேரைக் காப்பாத்தியிருக்கலைன்னா, நான் எதுமேலங்க கட்டறது?"

அந்த ஒரு வார்த்தைக்காகவே பியூட்டி பார்லர் என்று சொன்னதை வாபஸ் வாங்கினேன்.

ஆனால் சண்டை முடியவில்லை. கேப் செய்கிற லேப் சியால்தா பக்கத்தில் இருந்தது. அளவும் அச்சும் போட்டோக்களும் போயின. பல் நேராக வந்தது. திருப்பி அனுப்பினாள். ஒரு நூலளவு சாய்ந்து வந்தது. மூன்றாம் முறை சீட்டில் சிவப்பு மையால், படத்தில் இருப்பது போலவே வேண்டும், திருத்தாதீர்கள் என்று எழுதி அனுப்பினாள். அப்போதும் பாதிதான் சாய்ந்தது. போனில் கேட்டால் லேப்காரர், "தப்பா அனுப்பியிருந்தீங்க, நான் சரிபண்ணிட்டேன்" என்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவர் கைக்குக் கோணல் வரவில்லை. விலாசத்தைக் கொடு, நானே போகிறேன் என்றேன்.

இரண்டாவது மாடியில் குறுகலான அறை. சுவர் நெடுகப் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக இருந்தன. லேப்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். நான்தான் அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரி என்று பெங்காலியில் சொன்னதும், கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"தீதி, முப்பது வருஷமா நான் கோணலை நேராக்கிட்டு இருக்கேன். இதைப் பார்த்தா எந்தக் குருடன் செஞ்சான்னு கேக்க மாட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. தானா முளைச்ச பல்லுன்னு நினைப்பாங்க. நீங்க செஞ்ச எந்தப் பல்லையாவது பார்த்து யாராவது அப்படி நினைச்சிருக்காங்களா?"

மனுஷருக்குச் சுருக்கென்றது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதிரே உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் மெழுகைச் சுரண்டினார், என்னைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் சுரண்டினார். பல்லின் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் படத்தில் தெரிகிறதே, அது என்ன என்று கேட்டார். தைக்கும்போது நூலைப் பல்லால் கடித்துக் கடித்து விழுந்த பள்ளம் என்றேன். நான் கேட்காமலே அதையும் செய்தார். இப்போது அவர் என்னைவிடப் பிடிவாதமாக இருந்தார்.

அடுத்த வாரம் கோயம்புத்தூர்ப் பெண் அதை வைத்து ஒட்டினாள். நாக்கு முதலில் போய்த் தொட்டுப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுவது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அழுதேன். சந்தோஷத்தில்தான். டாக்குரியா டாக்டர் சொன்ன ஈறு சமாசாரத்துக்காக, இடுக்கில் நூல் விட்டு எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவள் இரண்டு தடவை செய்து காட்டினாள்.

வீட்டில் அப்பா பால்கனியில் உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்று சிரித்தேன். அவர் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"பழையபடி ஆயிடுத்தே."

"ஆமா."

"வேணும்னே பண்ணிண்டியா?"

"வேணும்னேதான்."

அவர் பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"அன்னிக்கு ராஷ்பிஹாரியில, உன் தாடையைப் பிடிச்சு அமுக்கினேனே. வலிச்சுதா?"

இதை நான் மேலே எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை. அன்று டாக்டர் சொல்லிச் சொல்லியும் நான் வாயைத் திறக்காதபோது, மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்து அழுத்தினார். விரல் பதிந்த இடம் இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது. அதற்கப்புறம் அவர் என்னை எதற்கும் வற்புறுத்தியதில்லை. நடந்ததைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. இல்லைப்பா, அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு என்று சொல்லியிருக்கலாம். எண்பத்தாறு வயது மனுஷர். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது.

"வலிச்சுதுப்பா" என்றேன்.