கொசு கடித்த ஊர்

அக்காவின் இரத்தப் பரிசோதனைக்கூடம் எங்கள் வீட்டின் முன்னறைதான். ஊசியும் குழாயும் அவள் பொறுப்பு; கணினி என் பொறுப்பு. புதுச்சேரியில் முதுகலைத் தமிழ் வகுப்பை முடித்துக்கொண்டு மாலைப் பேருந்தில் மரக்காணம் வந்து இறங்கியதும், முகம் கழுவிவிட்டு அந்த நாற்காலியில் உட்காருவேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியிராத வேலை என்பதால் அது எனக்குப் பிடித்திருந்தது.

டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் போன்ற தொற்றுநோய் ஏதேனும் தெரியவந்தால், அதைச் சுகாதாரத் துறையின் இணையதளத்தில் அன்றே பதிவு செய்தாக வேண்டும். முன்பெல்லாம் அக்கா வாரக் கடைசியில் ஒரு தாளில் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுத்தனுப்புவாள். தாள் போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். இப்போது நான் பொத்தானை அழுத்தினால் சற்று நேரத்தில் சுகாதார ஆய்வாளரின் கைப்பேசியில் தெரிந்துவிடுகிறது.

அந்தப் படிவத்தின் வரிசை எனக்குப் பிடிக்கும். பெயரும் வயதும் முடிந்தவுடன் அது கேட்பது, எந்த ஊர், எந்த நாள் முதல் என்பதைத்தான். நோயின் பெயரெல்லாம் பிறகு. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று இலக்கண வகுப்பில் படித்தவளுக்கு இதில் வியப்பில்லை. நெய்தலா மருதமா என்று தெரியாமல் ஒரு பாட்டின் துயரத்தைப் பற்றிப் பேச இயலாது. காய்ச்சலைப் பற்றியும் இயலாதுபோலும். ஊருக்கென்று அதில் இரண்டு கட்டங்கள் உண்டு: நிரந்தர முகவரி, தற்போது தங்கியிருக்கும் இடம். பெரும்பாலானோருக்கு இரண்டும் ஒன்றே என்பதால், நான் முதல் கட்டத்தை நிரப்பி இரண்டாவதில் அதையே நகலெடுத்துவிடுவது வழக்கம்.

சென்ற கார்த்திகையில், மழை சற்று ஓய்ந்து உப்பளங்களெல்லாம் ஏரியாகக் கிடந்த ஒரு மாலை, பின்வீட்டுப் பாயம்மா தன் தங்கை மகளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். பாயம்மாவின் மகளுக்கு அடுத்த வாரம் நிக்காஹ். மாப்பிள்ளை துபாயில் வேலை பார்ப்பவர், விடுமுறையில் வந்திருந்தார். கல்யாண வேலைக்கு ஒத்தாசையாகத்தான் இந்தப் பெண் பொம்மையார்பாளையத்திலிருந்து வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். கண்கள் சிவந்து, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா முடிவைப் பார்த்தாள். “டெங்கு இருக்குது பாயம்மா. பயப்படாதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

“யாருக்கும் சொல்ல மாட்டீங்க இல்ல?”

“ஊர்ல யாருக்கும் சொல்ல மாட்டோம். கவர்மெண்ட்டுக்குச் சொல்லியே ஆகணும். வீட்டுக்கு வந்து மருந்தடிப்பாங்க, தண்ணி வெச்சிருக்கறதெல்லாம் பார்ப்பாங்க.”

பாயம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “சம்பந்தி வீட்டு காதுல விழுந்தா கல்யாணத்தைத் தள்ளி வெச்சிடுவாங்கம்மா. லீவு முடிஞ்சா அந்தப் பையன் பிளைட் ஏறிடுவான். அப்பறம் அவன் எப்ப வர்றது? நான் எம்பொண்ண வெச்சிக்கிட்டு வாசலையே பார்த்துட்டு உக்காரணும்.”

இணையதளத்துக்குக் கடவுச்சொல் உண்டு. பெயர் வெளியே போகாது. ஆனால் புகை இயந்திரத்தின் இரைச்சலுக்குக் கடவுச்சொல் கிடையாது. அவருடைய அச்சத்தில் பிழையில்லை.

சட்டென்று அவர் பையிலிருந்து அந்தப் பெண்ணின் ஆதார் அட்டையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். “இந்தா கண்ணு. பொம்மையார்பாளையம்னு கவர்மெண்ட்டே அச்சடிச்சுக் குடுத்திருக்குது. இதையே போடு. நான் என்ன, பொய்யா எழுதச் சொல்றேன்?”

பொய் இல்லைதான். அந்த அட்டையில் இருந்த ஒவ்வோர் எழுத்தும் உண்மை. வழக்கம்போல் நகலெடுத்தால் போதும். அவள் இப்போது தங்கியிராத ஒரு வீட்டுக்கு நாளைக் காலை புகை போடப் போவார்கள். நான் அக்காவைப் பார்த்தேன்.

“டெங்குன்னு போயாகணும், அதுல பேச்சே இல்ல. எந்த ஊருன்னு நீயே கேட்டுப் போடு” என்றாள்.

“இங்க எப்போ வந்தீங்க?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“மழைக்கு முன்னாடியே வந்துட்டேன். காலாவை விட்டு எங்கயும் நகரல.” பெரியம்மாவை அவள் அழைப்பது அப்படித்தான். கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தாள்: “காலா, என்னைக் கடிச்சது உங்க வீட்டுக் கொசு. எங்க ஊர்க் கொசு மேல ஏன் பழி போடறீங்க?”

“வாய மூடுடி. உடம்பு கொதிக்குது, வாய் மட்டும் குறையுதா பாரு!”

எனக்குச் சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது. “பாயம்மா, கல்யாணப் பொண்ணும் அந்த வீட்டுலதானே இருக்குது.”

அவர் அட்டையை எடுத்துக்கொண்டு, பெண்ணை எழுப்பி, ஆட்டோவில் ஏற்றினார். நான் இரண்டாவது கட்டத்தில் எங்கள் தெருவின் பெயரை எழுதி அனுப்பினேன்.

மறுநாள் மழை விடுமுறை. எங்கள் பின்வாசலில் நின்றால் பாயம்மாவின் முற்றம் முழுதும் தெரியும். சுகாதார ஆய்வாளரும் கொசு ஒழிப்புப் பணிப்பெண்களும் காலையிலேயே வந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் கிணற்று நீர் கரிக்கும். நல்ல தண்ணீர் கிடைக்கும்போது பிடித்து வைத்துக்கொள்வதுதான் வழக்கம். கல்யாண வீடாயிற்றே, வரிசையாக நீல டிரம்கள் நிரம்பி நின்றன, மூடிக்குப் பதிலாகப் பழைய புடவைத் துண்டுகளுடன். டெங்குக் கொசுவுக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

பணிப்பெண் ஒருத்தி கைப்பேசி வெளிச்சத்தை ஒரு டிரம்முக்குள் அடித்தாள். “வந்து பாருங்கம்மா. எப்படி நெளியுதுன்னு.”

பாயம்மா எட்டிப் பார்த்தார். டிரம்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. “எம் பிரியாணித் தண்ணி!” என்று அவர் போட்ட கூச்சல் இயந்திரத்தின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. மதிலுக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போவதா நிற்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மாப்பிள்ளையின் தந்தை, கடைத்தெருவில் மளிகை வைத்திருப்பவர். புகைக்குள் இருமிக்கொண்டே நுழைந்து, “என்னா சார் இது?” என்று ஆய்வாளரிடம் கேட்டார்.

ஆய்வாளர் வாய் திறப்பதற்குள் பாயம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். “டெங்குங்க. எந்தங்கச்சி பொண்ணுக்கு. ஆஸ்பத்திரில இருக்குது. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் நெனச்சேன்.”

அவர் பாயம்மாவைப் பார்த்தார், கவிழ்ந்த டிரம்களைப் பார்த்தார், பிறகு இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். “ஏம்பா, இந்த மெஷின் எங்க தெருவுக்கு மட்டும் வரவே மாட்டேங்குது? கடையில உக்கார முடியல, பிச்சுத் திங்குது.”

“உங்க தெருவுல யாருக்கும் காய்ச்சல் வரலையே பாய்” என்றார் ஆய்வாளர்.

“அதுக்காக ஒருத்தரைப் படுக்க வெக்க முடியுமா?”

பணிப்பெண்கள் சிரித்துவிட்டார்கள். பாயம்மா மட்டும் சிரிக்கவில்லை. “கல்யாணம்...” என்று இழுத்தார்.

“கல்யாணத்துக்கு என்னம்மா? அந்தப் பொண்ணுக்கு நல்லாவட்டும். தண்ணி நான் லாரில அனுப்பறேன், அன்னிக்குக் காலைல வந்து எறங்கும். இந்த டிரம்முல மட்டும் புடிச்சு வெச்சிடாதீங்க.”

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. இளைத்துப்போயிருந்தாலும் அந்தப் பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாயம்மா தாமே பரிமாறினார், என் தட்டில் இன்னொரு துண்டு கறியை வைத்துவிட்டு, எதிரில் இருந்த உறவினர்களிடம் சொன்னார்: “இந்தப் பொண்ணுகிட்ட அட்ரஸ் குடுக்கறப்ப மட்டும் ஜாக்கிரதை. கொசுவோட வீட்டையே கண்டுபுடிச்சிடும்.”

“படுத்துக் கெடந்த எனக்குக் கஞ்சி, இவங்களுக்குக் கறியா காலா?” என்றாள் அவள்.

தை பிறந்த பிறகு ஒரு மாலை, பாயம்மா தம் நாத்தனாரைக் காய்ச்சலுடன் அழைத்து வந்தார். நான் கேட்பதற்கு முன்பே தொடங்கிவிட்டார்: “கார்டுல செஞ்சின்னு இருக்கும், அதை எழுதாதே. வந்து ரொம்ப நாளாச்சு, எங்க வீட்டுலதான் இருக்குது.”

அக்கா பரிசோதித்தாள். சாதாரணக் காய்ச்சல்தான். பாயம்மா நிம்மதியாக மூச்சுவிட்டார்; பிறகு அவர் முகம் சற்று வாடியது.

“அப்போ அவங்க வர மாட்டாங்களா? எல்லா டிரம்முக்கும் புது மூடி வாங்கிப் போட்டிருக்கேன். ஒருத்தரும் வந்து பார்க்கலன்னா எப்படி?”

அன்று அனுப்புவதற்கு எதுவும் இல்லை. கணினியை மூடிவிட்டு, அந்த மூடிகளைப் பார்ப்பதற்காக நான் பாயம்மாவுடன் பின்வாசல் வழியாகப் போனேன்.