அப்பா பெயரில் ஒரு பக்கம்

என் ஆய்வுக் கட்டுரைகளை யார் படித்தார்களோ இல்லையோ, அவற்றுக்கு வந்த மேற்கோள்களை அப்பா எண்ணினார். சிங்கப்பூரில் ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வௌவால் உடம்பில் அத்தனை கிருமி இருந்தும் அதற்கு ஏன் நோய் வருவதில்லை, பல கோடி ஆண்டுகளில் அதன் எதிர்ப்புச் சக்தி எப்படி மாறி வந்தது என்பதுதான் என் ஆய்வு. ஒருமுறை அரை மணி நேரம் விளக்கினேன். "வௌவாலுக்கே புரிஞ்சிருக்கும், எனக்குத்தான் புரியல, விடு" என்றார்.

ஆனால் ஒன்று அவருக்கு நன்றாகப் புரிந்தது. என் அடையாள அட்டையில் முதலில் என் பெயர், பிறகு ‘மகன்’ என்பதற்கு எஸ்/ஓ, பிறகு அவர் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஆய்விதழ்க்காரர்கள் கடைசியில் இருப்பதையே குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். என் பெயர் ஒற்றை எழுத்தாகிவிட்டது. என் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் எல்லோரும் அப்பாவின் பெயரைத்தான் எழுதினார்கள். அந்த மேற்கோள்களை எண்ணிக் காட்டும் இணையப் பக்கத்தை அவர் கைப்பேசியில் நான்தான் வைத்துக் கொடுத்தேன்.

ஞாயிறு காலையில் மார்சிலிங்கிலிருந்து ரயிலேறி தேக்கா சந்தைக்கு வந்துவிடுவார். பட்டறையில் கூட வேலை பார்த்த அங்கிள் ஒருவர்தான் அவருக்கு டீக்குத் துணை. நான் மீன் வாங்கிக்கொண்டு மேசைக்கு வரும்போது அப்பா கைப்பேசியை அவரிடம் நீட்டிக்கொண்டிருப்பார்.

"இந்த வாரம் நாலு பேரு நம்ம பேரச் சொல்லியிருக்கான் லா. ஒருத்தன் பிரேசில்காரனாம்."

"உன் புளோக்குல எவனுக்கும் உன் பேரு தெரியாது, பிரேசில்ல தெரியுதாக்கும்" என்பார் அங்கிள்.

எனக்கு எரிச்சலாக வரும். சந்தையில் உட்கார்ந்துகொண்டு என் மானத்தை வாங்குகிறாரே என்றிருக்கும்.

அதே பெயரில் எங்கள் துறையில் இன்னொருவர் இருந்தார். அவருடைய கட்டுரைகளும் என்னுடையவையும் கலந்து, எது யாருடையது என்றே தெரியாமல் போனது. பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் நேரம். சொந்தப் பெயரில் எழுதினால் குழப்பம் தீரும் என்றார் துறைத் தலைவர். மாற்றிவிட்டேன். புதிய கட்டுரைகளுக்குப் புதிய பக்கம். மேற்கோள்கள் நன்றாகவே சேர்ந்தன, பதவி உயர்வும் வந்தது. பழைய கட்டுரைகள் பழசாகிவிட்டன. அப்பாவின் கைப்பேசியில் இருந்த பக்கத்தில் எண் மெல்ல மெல்ல ஏறி, ஒரு நாள் நின்றே போனது.

அவரிடம் சொல்லவில்லை. உங்கள் பெயரை எடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? பதவி உயர்வைக்கூட மறைத்தேன். சொன்னால், எண்ணே ஏறாமல் அது எப்படிக் கிடைத்தது என்று கேட்பாரே.

"ஏன்டா, இப்பல்லாம் ஒருத்தனும் சொல்லலையே?"

"கொஞ்ச நாள் ஆகும்பா."

இரண்டு மூன்று வாரம் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். மேசையில் கைப்பேசி கவிழ்ந்து கிடக்கும். அப்பாடா, தொல்லை விட்டது என்று நினைத்தேன். பாவி நான், அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஆண்டே மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அங்கிள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வேலை எப்படி தம்பி? சமாளிச்சுக்கிறியா?"

"நல்லாத்தான் போகுது அங்கிள்."

அவர் நம்பவில்லை. ஆறுதல் சொல்வதுபோல என் முழங்காலைத் தட்டினார்.

"உங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் அதே கவலைதான். புள்ளைய யாருமே இப்ப மதிக்கிறதில்ல, வேலை போயிருமோன்னு பயந்துக்கிட்டே இருந்தாரு. 'எல்லாம் என் பேரு பண்ற வேலை. ராசி கெட்ட பேரு. அத வச்சுக்கிட்டு நானும் பட்டறையில மேல வரல. பையன் தன் பேர்ல எழுதினா நல்லா வருவான். சொல்லிப் பாக்கட்டுமா'ன்னு கேட்டாரு."

அப்பா அதைக் கேட்டிருந்தால் அந்த நிமிடமே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். புதிய பக்கத்தைத் திறந்து காட்டியிருப்பேன்.

"நான்தான் தம்பி தடுத்துட்டேன். பெத்த அப்பன் பேர எந்தப் புள்ளையாவது எடுப்பானா, கேட்டா மனசு உடைஞ்சிருவான், கேக்காதேன்னு சொல்லிட்டேன். சரிதானே?"

"சரிதான் அங்கிள்" என்றேன்.